குளவி என்னும் ஒரு சொல்: ஊவாத் தோட்டங்களில் வீட்டோடு வந்த பூச்சிப் பாடம்

பதுளை மாவட்டத்திலிருந்து பத்திரிகைகளுக்கு வந்து சேரும் செய்திகளில் ஆண்டுதோறும் மாறாமல் திரும்பி வரும் ஒன்று உண்டு. தோட்டத்தின் பெயரும் தொழிலாளரின் எண்ணிக்கையும் மட்டுமே மாறும். கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்கள் குளவிக் கொட்டுக்கு இலக்காகி வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்டார்கள் என்பதுதான் அந்தச் செய்தி. பசறை, மடூல்சீமை, நமுனுகுல, லுணுகலை, ஹாலிஎல என்று ஊர்கள் சுழன்று வரும். சில நாட்களில் கடைசி வரியில் ஒரு மரணம் இருக்கும். ஒற்றைப் பத்தி, உள் பக்கம், அதோடு முடிந்தது. பத்திரிகைத் தொழிலில் நான் கழித்த ஆண்டுகளில் அந்தச் செய்தியைக் கையில் எடுத்த எவரும் "எந்தக் குளவி?" என்று கேட்டு நான் பார்த்ததில்லை.

கேட்டிருக்க வேண்டிய கேள்விதான். சிங்களத்தில் பேசும் அயல் கிராமத்தவர் ஒன்றைப் 'பம்பரா' என்பார், மற்றொன்றைத் 'தெபரா' என்பார். இரண்டையும் ஒருபோதும் குழப்பிக்கொள்ள மாட்டார். பிரெஞ்சுக்காரர் 'அபெய்' என்றால் தேனீ, 'கெப்' என்றால் குளவி, 'ஃப்ரெலோன்' என்றால் பெருங்குளவி. தோட்டத்துத் தமிழிலோ, அதைப் பின்பற்றிய பத்திரிகைத் தமிழிலோ, கூட்டமாக வந்து கொட்டுவதெல்லாம் குளவி.

தேயிலை மலையில் ஒரே நேரத்தில் பத்துப் பதினைந்து பேரைத் தாக்கும் 'குளவி' பல வேளைகளில் குளவியே அல்ல, அது மலைத்தேனீ. உயரமான சவுக்கு மரத்திலோ யூகலிப்டஸ் மரத்திலோ பாறை விளிம்பிலோ ஒரே ஓர் அடையைத் திறந்த வெளியில் தொங்கவிடும். அடை ஒரு மீற்றருக்கு மேல் அகலமாகவும் வளரும். மூடு கூடு கிடையாது. ஆயிரக்கணக்கான தேனீக்கள் தங்கள் உடலாலேயே திரை போட்டு அடையை மூடியிருக்கும். தேன்பருந்து வந்து மோதினாலோ, பலத்த காற்றில் கிளை ஆடினாலோ, எங்காவது புகை கிளம்பினாலோ அந்தத் திரை அவிழ்ந்துவிடும். கொட்டிய தேனீ தன் கொடுக்கை நம் தோலிலேயே விட்டுவிட்டுச் சாகும். விட்டுச் சென்ற கொடுக்கிலிருந்து கனிந்த வாழைப்பழத்தை நினைவூட்டும் ஒரு மணம் பரவும். மற்றத் தேனீக்களுக்கு அது, இங்கேதான் எதிரி, இங்கேயே கொட்டு என்ற அழைப்பு. குளவியின் கதை வேறு. அது மரக்கூழை மென்று காகிதம் போன்ற கூட்டைக் கட்டும். கொடுக்கை விட்டுச் செல்லாது. ஒன்றே பலமுறை கொட்டும். சிறிய காகிதக் குளவிகள் தேயிலைச் செடியின் உள்ளேயே கூடு வைப்பதால், கொழுந்துக்காக நீளும் கை நேராகக் கூட்டில் படும்.

ஆக, ஒன்றிலிருந்து தப்பும் வழி மற்றொன்றுக்குப் பொருந்துவதில்லை. ஒரே சொல்லால் இரண்டையும் அழைக்கும்போது இந்த அறிவும் கரைந்துபோகிறது. இது மொழி ஆராய்ச்சியாளரின் பொழுதுபோக்கு அல்ல. உயிரோடு தொடர்புடைய சங்கதி.

இவ்வறிவு தோட்டத்துப் பிள்ளைகளுக்கு எங்கிருந்து கிடைத்தது? பள்ளிக்கூடத்திலிருந்து அல்ல, லயத்திலிருந்துதான். திருச்சி, சேலம், புதுக்கோட்டை, மதுரை, இராமநாதபுரம் என்று பல சீமைகளிலிருந்தும் புறப்பட்டு வந்தவர்கள் தங்கள் ஊர்ப் பெயர்களைத் தட்டுமுட்டுச் சாமான்களோடு சுமந்து வந்தார்கள். கும்பிடுபூச்சி, பிள்ளைப்பூச்சி, பொன்வண்டு, சில்வண்டு, தட்டான், ஈசல், கட்டெறும்பு என்று அப்பாயியும் அம்மாயியும் சொன்ன பெயர்கள் காம்பராவின் மண் சுவரோடு ஒட்டிக்கொண்டன. மழை பிடித்த மாலையில் விளக்கைச் சுற்றி ஈசல் விழுந்தால் அது பாடம். அட்டை கடித்த காலில் உப்பு வைப்பதும் பாடம்தான். (அட்டை பூச்சியினம் அல்ல, மண்புழுவுக்கு உறவு என்று புத்தகம் சொல்லும். கடி வாங்கிய பிள்ளைக்கு அந்த வேறுபாட்டில் ஆறுதல் ஏதும் இல்லை.)

அதே பிள்ளை பள்ளிக்கூடத்துக்குப் போனால் அங்கே இன்னொரு தமிழ் காத்திருக்கும். வீட்டில் கொசு, பாடநூலில் நுளம்பு. வீட்டில் ஈ, பாடநூலில் இலையான். வீட்டில் தட்டான், பாடநூலில் தும்பி. வீட்டில் கம்பளிப்பூச்சி, பாடநூலில் மயிர்க்கொட்டி. பாடநூலின் சொற்கள் பிழையானவை அல்ல. வடக்கிலும் கிழக்கிலும் அவை வீட்டுச் சொற்களே. ஆனால் மலையகத்துச் சிறுவனுக்கு அவை முதல் நாளில் அயல் மொழி. தான் நன்றாக அறிந்த ஒன்றைத் தெரியாத பெயரில் கேட்கும்போது, தனக்கு எதுவும் தெரியாது என்றே அவன் முடிவு செய்துவிடுகிறான்.

பள்ளிக்கூடம் என்று எளிதாகச் சொல்லிவிட்டேன். தோட்டத்தில் அது வந்த கதை நீளமானது. 1907ஆம் ஆண்டின் கிராமியப் பாடசாலைச் சட்டம், தோட்டத்தில் வாழும் ஆறு முதல் பத்து வயதுவரையான பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி கொடுக்கும் பொறுப்பைத் தோட்டத்துரையின் தலையில் வைத்தது. 1920ஆம் ஆண்டின் கல்விச் சட்டம் அதை இறுக்கியது. நடைமுறையில் அது ஒரு கொட்டகை, ஓர் ஆசிரியர், பல வகுப்புகள் என்ற அளவிலேயே நின்றது. பத்து வயதானால் பெயர் செக்குரோலில் ஏறும். படிப்பு அதோடு சரி. 1945இல் இலவசக் கல்வி வந்து நாடே மாறியபோதும் தோட்டப் பாடசாலைகள் அந்த வெளிச்சத்துக்கு வெளியேதான் கிடந்தன. 1972லும் 1975லும் வந்த காணிச் சீர்திருத்தச் சட்டங்களுக்குப் பிறகு, 1977 முதல் அரசாங்கம் அவற்றைப் படிப்படியாகப் பொறுப்பேற்றது. எழுபது ஆண்டு! இடைப்பட்ட தலைமுறைகளுக்கு இயற்கை அறிவு என்றால் வீடுதான், மலைதான்.

இதைப் படிக்கும் கனடா வாசகர்களுக்கு இந்த நிலை வேறொரு விதத்தில் பழக்கமானதாக இருக்கக்கூடும். அங்கே தமிழ்ப் பிள்ளைகள் பலர் 'அமிழ்வு' முறைப் பிரெஞ்சு வகுப்பில் படிக்கிறார்கள். வீட்டில் தமிழ், தெருவில் ஆங்கிலம், அறிவியல் பாடம் பிரெஞ்சு. பூச்சியின் உடலில் தலை, மார்பு, வயிறு என்று மூன்று பகுதிகளும் ஆறு கால்களும் உண்டு என்பதைப் பிள்ளை பிரெஞ்சில் படித்துவிட்டு வருகிறது. வீட்டில் உதவ முனையும் தாய்க்கு அந்த மொழி தெரியாது. இந்த முறை பிறந்தது 1965இல், மொன்றியலை அடுத்த செயின்ட் லாம்பெர்ட்டில். ஆங்கிலம் பேசும் பெற்றோர் சிலர் தங்கள் பிள்ளைகள் பிரெஞ்சிலும் வல்லவர்களாக வேண்டும் என்று கேட்டுப் பெற்ற வகுப்பு அது. மக்கில் பல்கலைக்கழகத்தின் உளவியல் பேராசிரியர் வாலஸ் லாம்பெர்ட் அந்தப் பிள்ளைகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்தார். இரண்டாம் மொழி வருவதால் முதல் மொழி தேயாத நிலையை அவர் கூட்டல் என்றார். புதியது வரப் பழையது போய்விடும் நிலையைக் கழித்தல் என்றார். வீட்டு மொழிக்குச் சமூகத்தில் மதிப்பு இருந்தால் கூட்டல் நடக்கும், இல்லையென்றால் கழித்தல்தான். லயத்துப் பிள்ளைக்கு நடந்தது ஒரே மொழிக்குள் நடந்த கழித்தல் என்பது என் எண்ணம்.

இனி இந்தப் பகுதியின் பூச்சி வரலாற்றுக்கு வருவோம். அது வியப்பான வரலாறு. ஊவா ஒரு மாகாணமாக உருவானது 1886இல். ஆனால் அதன் மலைகளில் கோப்பி அதற்கு முன்பே ஏறிவிட்டது. இலங்கையின் கோப்பியை அழித்த இலைநோய் முதன்முதலாகக் கண்ணில் பட்டதும் ஊவாவில்தான்: 1869இல், அப்போது புதிதாகத் திறக்கப்பட்டிருந்த மடூல்சீமைப் பகுதியில். இலையின் அடிப்புறத்தில் செம்மஞ்சள் பொடி. அது பூச்சியின் வேலையா, மண்ணின் குறையா, காற்றின் கோளாறா என்று துரைமார் ஆண்டுக்கணக்கில் வாதிட்டார்கள். அது ஒரு பூஞ்சணம் என்பதை இங்கிலாந்தின் பெர்க்லி அதே ஆண்டிலேயே எழுதிவிட்டார். எனினும் அது பரவும் விதத்தை விளங்கிக்கொள்ள, 1880இல் மார்ஷல் வார்ட் என்ற இளம் தாவரவியலாளர் இங்கு வரவேண்டியிருந்தது. அதற்குள் கோப்பியின் கதை முடியும் தறுவாயில் இருந்தது.

பூச்சிகளைப் பற்றி எழுதியவர்களும் முதலில் தோட்டக்காரர்களே. ஜெர்மன் நாட்டவரான நீட்னர் கோப்பிச் செடியின் எதிரிகளைப் பற்றிய நூலை 1861இல் வெளியிட்டார். அதே 1861இல் கொழும்பில் பிறந்த எட்வர்ட் ஏர்னெஸ்ட் கிரீன், பூண்டுலோயாவில் தோட்டத்துரையாக இருந்துகொண்டே தேயிலைப் பூச்சிகள் பற்றி 1890இல் நூல் எழுதினார். பின்னர் அரசாங்கப் பூச்சியியலாளரானார். செதில் பூச்சிகள் பற்றிய அவருடைய பெருநூல் 1896 தொடங்கி 1922 வரை பகுதி பகுதியாக வந்தது. கோப்பியைத் தாக்கும் பச்சைச் செதில் பூச்சியின் அறிவியல் பெயருக்குப் பின்னால் இன்றும் அவர் பெயரும் 1889 என்ற ஆண்டும் நிற்கின்றன. இந்த மனிதர்களின் உழைப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆயினும் துரையின் மேசைக்குப் புழுவும் வண்டும் தாமாக நடந்து போயிருக்க முடியாது. எந்த மலையில், எந்தத் தூரில், எந்த மாதத்தில் என்பதை முதலில் பார்த்தது இலையைத் தொட்டு வேலை செய்த கையாகத்தான் இருந்திருக்கும். அந்தக் கைகளின் பெயர் எந்த நூலிலும் ஏறவில்லை.

தேயிலையின் பெரும் பகைவன் ஒரு சின்னஞ்சிறு கறுப்பு வண்டு. இரண்டரை மில்லிமீற்றர் நீளம்கூட இராது. பெண் வண்டு தேயிலைக் கிளையில் ஊசி குத்தியது போல ஒரு துளை போட்டு உள்ளே போய் வளையமாகச் சுரங்கம் வெட்டும். ஆனால் அது மரத்தைத் தின்பதில்லை. தன்னோடு கொண்டுவந்த பூஞ்சணத்தைச் சுரங்கச் சுவரில் பயிர் செய்து, அதையே தானும் தின்று குஞ்சுகளுக்கும் கொடுக்கிறது. மனிதன் ஏர் பிடிப்பதற்கு எத்தனையோ இலட்சம் ஆண்டுகளுக்கு முன்னரே விவசாயம் செய்த குடும்பம் இது. துளைபட்ட கிளை, கொழுந்து பறிப்பவர் நெருக்கிக்கொண்டு நடக்கும்போது முறிந்துவிடும்.

இந்த வண்டைக் காண ஆராய்ச்சி நிலையம் தேவையில்லை. கவ்வாத்து வெட்டியபின் மிலாறு அடுப்புக்கு வரும். விறகாகக் குவித்த மிலாற்றில் ஒன்றை முறித்துப் பார்த்தால் கறுத்த வளையமும், அதற்குள் வெள்ளைப் புழுவும், சில வேளை வண்டும் இருக்கும். லயத்து அடுப்படியில் குந்தியிருந்து மிலாறு முறித்துப் போட்ட எந்தப் பிள்ளையும் இதைப் பார்த்திருக்கும். அந்தப் பிள்ளையிடம் 'இதுதான் பூஞ்சண விவசாயி' என்று சொல்ல அங்கே ஆள் இல்லை என்பதுதான் குறை.

இந்த வண்டின் பெயரிலும் ஒரு வேடிக்கை நடந்திருக்கிறது. ஐக்ஹோஃப் என்ற ஜெர்மன் அறிஞர் இலங்கையிலிருந்து சென்ற ஒரு வண்டுக்கு 1868இல் பெயரிட்டார். அதற்கு இருபத்து நான்கு ஆண்டுகள் கழித்து, 1892இல், தேயிலையில் துளை போடும் வண்டு கண்டறியப்பட்டபோது அந்தப் பெயரையே இதற்கும் சூட்டினார்கள். கலிபோர்னியாவிலும் இஸ்ரேலிலும் வெண்ணெய்ப்பழ மரங்களை ஏறத்தாழ இதே தோற்றமுள்ள வண்டு தாக்கத் தொடங்கிய பிறகு, மரபணுவை ஒப்பிட்டுப் பார்த்ததில் இவை ஒரே இனம் அல்ல என்று தெரிந்தது. 2019இல் பழைய மாதிரியைத் திரும்ப ஆராய்ந்தபோது, ஐக்ஹோஃப் வைத்த பெயர் வெண்ணெய்ப்பழத்து வண்டுக்கே உரியது என்று தீர்ந்தது. தேயிலை வண்டுக்கு வேறு பெயர். நூற்றிருபது ஆண்டுக்கு மேலாக அறிவியலே ஒரே பெயரில் இரண்டை அழைத்திருக்கிறது. ஆகையால் குளவி விஷயத்தில் லயத்து ஆச்சியை நாம் அதிகம் குறைசொல்ல வேண்டியதில்லை.

குளவிக்கு இன்னொரு முகமும் உண்டு. தேயிலை இலைகளைப் பட்டு நூலால் சேர்த்துச் சுருட்டி உள்ளிருந்து தின்னும் புழு ஒன்று இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலைநாட்டைப் படாதபாடு படுத்தியது. இலையில் மீன் செதில் போல் அடுக்கியிருக்கும் அதன் முட்டைத் திட்டுகளைக் கையால் பொறுக்கி எடுப்பதே நெடுங்காலம் வழியாக இருந்தது. சிறு விரல்களுக்கு ஏற்ற வேலை. 1925இல் தேயிலை ஆராய்ச்சி நிலையம் தோன்றிய பிறகு, இதே புழுவுக்கு ஜாவாவில் ஓர் எதிரி இருப்பது கவனத்துக்கு வந்தது. மெல்லிய உடலும் நீண்ட உணர்கொம்பும் கொண்ட சிறு குளவி அது. மனிதரைக் கொட்டாது. புழுவின் உடலுக்குள் முட்டையிடும். குஞ்சுகள் புழுவை உள்ளிருந்தே தின்று வெளியே வரும். 1935, 1936ஆம் ஆண்டுகளில் அதைக் கொண்டுவந்து இங்குள்ள மலைகளில் விட்டார்கள். சில ஆண்டுகளில் இலைச்சுருட்டுப் புழு அடங்கியது. உலகில் உயிரியல் முறைக் கட்டுப்பாடு வென்ற கதைகளைச் சொல்பவர்கள் இன்றும் இதை எடுத்துக்காட்டுவார்கள்.

அடுத்து வந்தது மருந்துக் காலம். 1950களில், துளை போடும் வண்டை ஒழிக்க டீல்ட்ரின் என்ற நஞ்சைத் தேயிலை மீது தெளித்தார்கள். வண்டு குறைந்தது, ஆனால் ஜாவாக் குளவியும் சேர்ந்து செத்தது. இருபது ஆண்டுகளாக மறந்துபோயிருந்த சுருட்டுப் புழு மறுபடியும் மலை மலையாகக் கிளம்பியது. ஒரு பூச்சியைக் கொல்லப் போய் மற்றொன்றை வளர்த்த கதை. பிற்காலத்தில் டீல்ட்ரின் உலக அளவிலேயே விலக்கப்பட்டது. 2001ஆம் ஆண்டின் ஸ்டொக்ஹோம் உடன்படிக்கையில் ஒழிக்கப்பட வேண்டிய நஞ்சுகளின் முதற் பட்டியலில் அது இடம்பெற்றது. வெறும் கையோடும் வெறும் காலோடும் அதைத் தெளித்தவர்கள் எந்தப் பட்டியலிலும் இடம்பெறவில்லை.

புழுவும் குளவியும் சேர்ந்த இன்னொரு பழங்கதை நம் வீட்டுச் சுவரிலேயே இருக்கிறது. மண்ணைக் குழைத்துச் சுவரில் கூடு கட்டும் வேட்டுவன் குளவி ஒரு பச்சைப் புழுவைத் தூக்கி வந்து உள்ளே வைத்து மூடும். சில வாரங்களில் கூட்டை உடைத்துக்கொண்டு குளவி வெளிவரும். புழுவைக் கொட்டிக் கொட்டியே குளவியாக்கிவிட்டது என்று நம் முன்னோர் கண்டார்கள். குரு சீடனைத் தன்னைப்போல் ஆக்குவதற்கு அதை உவமையாக்கினார்கள். உவமை அழகானது. நடப்பது வேறு. புழு குளவியின் குஞ்சுக்கு உணவு.

ஐரோப்பிய அறிஞர்களும் இதே கூட்டின் முன் தடுமாறியவர்கள்தான். குளவி தன் இரையைக் கொன்றுவிடுகிறது, அதன் நஞ்சு பிணத்தை அழுகாமல் காக்கிறது என்பது அக்காலப் பெரும் பூச்சியியலாளர் லெயோன் துஃபூரின் முடிவு. தென் பிரான்சில் சொற்பச் சம்பளத்தில் பள்ளி ஆசிரியராக இருந்த ஜீன் ஹென்றி ஃபாப்ர், இரை சாகவில்லை, நரம்பு முடிச்சில் குத்தி அசைவற்றதாக ஆக்கப்பட்டிருக்கிறது என்று 1855இல் எழுதிக் காட்டினார். அவருக்கும் ஆய்வுகூடம் கிடையாது. வீட்டு முற்றமும் வயல் வரப்பும்தான். பத்துத் தொகுதிகளாக 1879 முதல் 1907 வரை வெளிவந்த அவருடைய பூச்சி நினைவுகளை இன்றும் பிரெஞ்சுப் பிள்ளைகள் படிக்கிறார்கள். மொன்றியலில் பிரெஞ்சு படிக்கும் நம் வீட்டுப் பிள்ளைக்கு, உங்கள் புத்தகத்துக் குளவியும் உங்கள் பாட்டி சொன்ன வேட்டுவனும் நெருங்கிய உறவினர் என்று சொல்லிக்கொடுக்கத் தாய்க்குப் பிரெஞ்சு தெரிய வேண்டியதில்லை.

1999 முதல் இலங்கையின் ஆரம்ப வகுப்புகளில் 'சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள்' என்ற பாடம் நாடு முழுவதும் வந்தது. வீட்டையும் சூழலையும் பார்த்துக் கற்க வேண்டும் என்பது அதன் நோக்கம். காகிதத்தில் மிக நல்ல பாடம். கொரோனாக் காலத்தில் அது வேடிக்கையாகத் திரும்பியது. பாடசாலைகள் மூடிக்கிடந்த 2021இல், லுணுகலைப் பக்கத்துப் பிள்ளைகளைப் பெற்றோர் காட்டுக்குள் மலை உச்சிக்கு அழைத்துப்போனார்கள். முப்பதடி உயரத்தில் இருந்த மரக்குடிலில் ஏற்றி உட்கார வைத்தார்கள். அங்கேதான் கைத்தொலைபேசிக்கு அலை கிடைத்தது. சுற்றிலும் காடு, காடு நிறையப் பூச்சி. பிள்ளைகளின் கண்கள் மட்டும் கையளவு திரையில்.

தோட்டங்களின் நிலையும் மாறிக்கொண்டிருக்கிறது. ஆள் குறைந்து, மலைகள் பல காடாகிக் கிடக்கின்றன. களைநாசினி கிளைபோசேற் 2015இல் தடைசெய்யப்பட்டு, தேயிலைக்கும் இறப்பருக்கும் 2018இல் திரும்ப அனுமதிக்கப்பட்டது. இடைப்பட்ட ஆண்டுகளில் புல்லும் செடியும் மண்டிய மலைக்குள் இறங்கவே பயமாக இருக்கிறது என்று தொழிலாளர் முறையிட்டார்கள். பாம்பு ஒரு பயம், 'குளவி' மற்றொன்று. இடுப்பில் படங்கு, தலையில் கொழுந்துச் சுமை, இடுப்பளவு தேயிலை, வழுக்கும் சரிவு. ஓடு என்று சொல்வது எளிது.

இருந்தாலும் ஓடத்தான் வேண்டும். மலைத்தேனீ கிளம்பிவிட்டால் கையை வீசி அடிக்கக்கூடாது. நசுங்கும் ஒவ்வொரு தேனீயும் இன்னும் பலவற்றை அழைக்கும். முகத்தையும் தலையையும் துணியால் மூடிக்கொண்டு, நேராக லயத்துக்கோ கொழுந்து மடுவத்துக்கோ ஓடிக் கதவைச் சாத்த வேண்டும். கொடுக்கு தோலில் நின்றால் அது தேனீ. அதை நகத்தால் சுரண்டுவதா, கிள்ளி எடுப்பதா என்று வாதாட நேரமில்லை. எப்படி எடுத்தாலும் சரி, உடனே எடுப்பதுதான் முக்கியம் என்று 1996இல் நடந்த ஓர் ஆய்வு காட்டியது. எடுக்கத் தாமதிக்கும் ஒவ்வொரு விநாடியும் கொடுக்கில் ஒட்டியிருக்கும் பை நஞ்சை உள்ளே செலுத்திக்கொண்டே இருக்கும். கொடுக்கு இல்லையென்றால் அது குளவி; தேடிக்கொண்டு நிற்க வேண்டாம், கூட்டை விட்டு விலகினால் போதும். மூச்சு முட்டினாலோ, நாக்கோ உதடோ வீங்கினாலோ, தலை சுற்றினாலோ, ஒரே ஒரு கொட்டு என்றாலும் வைத்தியசாலைக்குப் போக வேண்டும். சுண்ணாம்பு தடவிவிட்டு வீட்டில் காத்திருக்கக்கூடாது. அங்கே கேட்பார்கள், எது கொட்டியது என்று.